பத்து சென்ட்

கானாடுகாத்தான் ஹோட்டல்காரர்கள்
என் வயலில் தார்ச்சாலையை ஒட்டிய பத்து சென்ட்டைப்
பேசி எடுத்திருக்கிறார்கள்.
அங்கே எல்லா மாதமும் நடவு மாதம்.
ஐப்பசியில் நடுகிறார்கள், தையில் நடுகிறார்கள்,
பங்குனி வெயிலில் மோட்டார் போட்டு நனைத்து வைத்தால்
அப்போதும் நடுகிறார்கள்.
நட்டதைப் பிடுங்கினால்தானே
அடுத்த வேன் நட முடியும்.
மூன்று வருஷமாக அந்தப் பத்து சென்ட்
கதிர் என்ற ஒன்றைக் கண்டதில்லை.

ஆளுக்கு நானூறு ரூபாய்,
சேறு, மோர், வேட்டி வாடகை உட்பட.
மீதி ஒன்றே முக்கால் ஏக்கரில்
நிஜமாகவே விளைகிற நெல்
இந்தப் பொய் நடவின் காசில்தான்
உரம் தின்கிறது.
வங்கி மேனேஜரிடம் சொன்னேன்.
அப்ப நெல்லை விட்டுடலாமே என்றார்.

வடக்கே கம்பி வேலி.
வேலிக்குள் கம்பெனியின் முந்நூறு ஏக்கர்,
எண்ணூறு அடி போர், சொட்டுக் குழாய்,
தூணுக்குத் தூண் டிராகன் பழம்.
எங்கள் கண்மாய்க்கு வரவேண்டிய வரத்துக்கால்
உள்ளேயே நின்றுவிடுகிறது,
கேட் பாஸ் கிடைக்காத வேலையாள் போல.

போன சனிக்கிழமை வேனில் ஏழு பேர்.
ஆறு பேர் வழக்கம்போல
நாற்றைப் பூங்கொத்தாய்ப் பிடித்துப் படமெடுத்தார்கள்.
ஏழாவது ஆள்
கைக்கடிகாரத்தைக் கழற்றி வரப்பில் வைத்தான்.
குனிந்தவன் நிமிரவில்லை.
பின்னால் நகர்ந்து, பின்னால் நகர்ந்து,
கட்டைவிரலால் வேரை அழுத்தி,
களையெடுக்கக் கால் வைக்க இடம் விட்டு
ஒரு வரிசை.
பஞ்சவர்ணம்
வாயிலிருந்த வெற்றிலையை மெல்ல மறந்து நின்றாள்.

எந்த ஊர் தம்பி?
திருவாடானைப் பக்கம்.
வயல் இருக்கா?
இருந்துச்சு.
பிறகு வேலியைக் காட்டினான்.
"அங்கதான் வேலை. டிரோன் விடுறேன்.
மேலேருந்து பாத்தா உங்க வயலு
தபால்தலை மாதிரி இருக்கும்ணே."
அளவு கேட்பான் என்று காத்திருந்தேன்.
கேட்கவில்லை.
தெரிந்திருக்கும்.

வேன் போனபின் பஞ்சவர்ணம் பிடுங்க இறங்கினாள்.
அவன் வரிசை வந்ததும்
இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து
என்னைப் பார்த்தாள்.
காலையில் பத்து மணிக்கு இன்னொரு வேன்.

அவளுக்கு நான் கொடுக்கிற நடவுக் கூலி நானூறு.
அவன் எனக்குக் கொடுத்ததும் நானூறு.
எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல்
அந்த நோட்டுகளை மட்டும்
மோட்டார் ரூம் ஆணியில் குத்தி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்களை
இந்தப் பக்கமாக இறக்கிவிட்டேன்.
தொப்பி போட்ட ஓர் அம்மாள்
முழங்கால் சேற்றோடு நின்று கேட்டார்,
அங்கே ஏன் கயிறு கட்டியிருக்கு?

அது நெல்லும்மா என்றேன்.