பாதி எனக்கு, பாதி பெட்னேகருக்கு

செம்பூரில் மின்சாரம் போனது இரண்டு பத்துக்கு.
யுபிஎஸ் நாற்பது நிமிடம் கத்திவிட்டு அடங்கிற்று என்றார்
காவலுக்கு இருந்த ராம்துலாரே, போனில்,
பக்கத்து வீட்டு நாய் செத்ததைச் சொல்வதுபோல.
மின்சாரம் திரும்பியும் சர்வர் எழவில்லை.
எழாது.
அப்படி வைத்தவளே நான்தான்.

நிறுவிய அன்று அது மூன்று வழி காட்டியது.
சாவியை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டுமா,
ஒரு பென் டிரைவில் தரட்டுமா,
இல்லை, ஒவ்வொரு முறை எழும்போதும்
உங்கள் விரலிடம் கேட்கட்டுமா?
பூட்டுக்குள்ளேயே சாவி இருந்தால் திருடனுக்கு என்ன வேலை.
பென் டிரைவ் என்றைக்காவது யார் பையிலாவது ஏறி
ரத்னகிரிக்கு லீவில் போய்விடும்.
மூன்றாவதை அழுத்தினேன்.
தணிக்கைக்கு வந்தவர் அதிலும் ஒரு முடிச்சுப் போட்டார்:
முழுசும் ஒருத்தருக்குத் தெரியக் கூடாது.

பதினாறு எழுத்து.
முன் எட்டு எனக்கு.
பின் எட்டு மேலாளர் பெட்னேகருக்கு.
நான் அடிக்கையில் அவர் ஏசியைப் பார்ப்பார்.
அவர் அடிக்கையில் நான் சுவர்ப்பக்கம் திரும்பி
தீயணைப்பானில் ஒட்டிய சீட்டைப் படிப்பேன்.
ஐந்து வருடமாக இதுதான் எங்கள் மரியாதை.

குர்லாவில் தண்டவாளம் தண்ணீருக்குள்.
திலக் நகரிலிருந்து முழங்கால் ஆழத்தில் நடந்து வந்தேன்.
விக்ரோலியிலிருந்து அவர்
பால் டெம்போவில், கிரேட்டுகளுக்கு நடுவில் நின்றபடி.
நாலே முக்கால்.
கறுப்புத் திரையில் ஒரு வரி, ஒரு வெள்ளைக் கோடு,
மூச்சு விடுவதுபோல் விட்டுவிட்டு மின்னியது.

என் எட்டு. அவர் எட்டு. என்டர்.
தவறு.

திரும்பவும்.
தவறு.
இன்னும் ஒன்றுதான். அதுவும் போனால்
பூனாவிலிருந்து ஆள் வர வேண்டும்,
பூனா ரோட்டில் மண் சரிந்திருக்கிறது.
ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்.
காய்கறிக் கூடைக்காரிகள், பிக்மி கட்டுகிறவர்கள்,
தங்கள் நூறும் இருநூறும் எங்கே என்று கேட்பார்கள்.

எழுத்துக்கு ஒரு நட்சத்திரம்கூடக் காட்டாத திரை.
துமசா கி மாஜா, என்றார் பெட்னேகர்.
உன்னுடையதா என்னுடையதா.
இருவரும் சேர்ந்த பொய்யில்
யார் பாதி பொய் என்று எந்த இயந்திரமும் சொல்வதில்லை.
லாக்கரில் அரக்கு வைத்த உறைகள் உண்டு.
உள்ளே இருப்பவை போன தீபாவளிக்கு முந்தையவை.
புதியதை எழுதி வைப்பது யார் பொறுப்பு என்பதில்
எங்களுக்கு இரண்டு ஞாபகம்.

எனக்குத் தெரியும்.
அவர் பவழ மோதிரம் ஷிஃப்டில் இடிக்கும் சத்தம் தெரியும்,
ஐந்தாவது எழுத்துக்குமுன் யோசிப்பது தெரியும்.
இன்று ஒன்பது தட்டல். இரண்டு முறையும் ஒன்பது.
குளிரில் ஈர விரல் ஏதோ ஒன்றை இரட்டித்திருக்கிறது.

சொன்னால் காப்பாற்றுவேன்.
சொன்னால், கேட்டுக்கொண்டிருந்தேன் என்றும் ஆகும்.

"ஒன்பது," என்றேன், சுவரைப் பார்த்தபடியே.

அவர் பதில் சொல்லவில்லை.
கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைப்பது கேட்டது.
நான் மறுபடி என் எட்டை அடித்தேன்.
அவர் வந்து உட்கார்ந்து
பச்சைக் குழந்தைக்கு நகம் வெட்டுகிறவர்போல அழுத்தினார்.
எட்டு.
விசிறிகள் உறுமின. பச்சை விளக்குகள் படபடவென்று துடித்தன.
ராம்துலாரே டீ வாங்கி வந்தார். குடித்தோம்.
மழையைப் பற்றிப் பேசினோம், நிறையவே.

வியாழக்கிழமை கடவுச்சொல் மாற்றும் படிவத்தை
அவரே நிரப்பிக் கொண்டுவந்தார்.
காரணம் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும்.
என் பாதி முடிந்ததும்
எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.
டிராக்டர் மாதிரிச் சத்தம். ஒன்றும் கேட்கவில்லை.
வேறு வேலையில்லாமல்
முதன்முறையாக அந்தச் சீட்டைப் படித்தேன்.

தீயணைப்பான் காலாவதியாகிப் பதினாறு மாதம்.