ஏழாவது கலன்

கலுன்போர், இரவு மூன்று மணி.
ஃபியோர்டிலிருந்து ஏறிவரும் காற்றில் உப்பு,
ஆலைக்குள் புளித்த ஈஸ்ட் வாடை.
பதினாறு எஃகுக் கலன்கள்
முறை வைத்து, சன்னக் குழாய் வழியே
தத்தம் மூச்சை அனுப்புகின்றன.

அறைக்கோடியில் நிறை நிறமாலைமானி.
சலவை எந்திரத்தின் அளவுதான்;
உள்ளே மட்டும் வானத்தைப் போல் வெறுமை.
அதில் ஒரு இழுப்பு மூச்சு விழுந்ததும்
காய்ந்து சிவந்த இழை அதற்கு மின்னேற்றும்,
காந்தம் வளைக்கும்.
இலகுவானது மிக வளையும், கனத்தது கொஞ்சம்.
இருபத்தெட்டு, நைட்ரஜன்.
முப்பத்திரண்டு, ஆக்சிஜன்.
நாற்பத்து நான்கு, தின்றதன் கணக்கு.
நாற்பதில் ஆர்கான்:
யாரோடும் சேராது,
போனபடியே திரும்பி வரும்.
அந்தச் சோம்பேறியை வைத்துத்தான்
மற்றவர் உழைப்பை அளக்கிறோம் என்று
சாப்பாட்டு மேசையில் சொல்லி
மைத்துனனை ஒருமுறை கோபப்படுத்தியிருக்கிறாள் தோர்டிஸ்.

இன்று ஆறும் ஏழும் ஒன்றுபோல் மூச்சுவிடுகின்றன.
ஆக்சிஜன் பதினெட்டுப் புள்ளி நான்கு ஒன்று.
பதினெட்டுப் புள்ளி நான்கு ஒன்று.
திரையில் எதுவும் சிவக்கவில்லை.
எச்சரிக்கை மணிக்கு
ஒற்றுமை ஒரு குற்றமல்ல.
"அழகாகத்தானே இருக்கு, தூங்க விடு"
போனில் எஸ்கில்.

அழகுதான் உறுத்தியது.
இரட்டையரைப் பெற்றவள் அவள்.
ஒரே தொட்டிலில் கிடந்தும்
ஒருவன் மூச்சு ஒருநாளும்
மற்றவனுடையதாய் இருந்ததில்லை.

இரும்புப் படிகள். கைப்பிடி பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது.
ஏழின் வால்வு திறக்காமல் ஒட்டிக் கிடந்தது.
குழாயில் தேங்கிய ஆறின் மூச்சையே
எந்திரம் இரண்டு பெயரில் படித்திருக்கிறது,
பொய் சொல்கிறோம் என்று தெரியாமல்.

ஸ்பானர் பிடியால் ஒரு தட்டு.
ஒன்றுமில்லை.
இன்னொன்று.
டக்.

கீழே திரை குலுங்கி மாறியது.
நாற்பத்து நான்கு உயர்ந்து நிற்க
முப்பத்தொன்றில் ஒரு புது முளை:
சர்க்கரை திகட்டி
ஏழு தன் பாட்டுக்குச் சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தது.
ஊட்டும் பம்பைப் பாதியாகக் குறைத்தாள்.
வாயில் அதிமதுர மிட்டாய் ஒன்றை ஒதுக்கிக்கொண்டு
அந்த முளையையே பார்த்திருந்தாள்.
நான்கரைக்கு அது சற்றே தாழ்ந்தது. அல்லது
தாழ்ந்த மாதிரி இருந்தது.

பதிவேட்டில்:
மணி 3:40. வால்வு ஏழு. தட்டினேன்.
எவ்வளவு நேரமாகப் பழுது என்ற கட்டத்தில்
தெரியாது என்று எழுதினாள்.
அடித்தாள்.
பிறகு அதையே
மறுபடி எழுதினாள்.