எட்டு

பேருந்துப் பணிமனையின் மலையேறும் சங்கம்.
பதினோரு பேர். மைனஸ் பதினான்கு.
க்ரும் எழுதிய பட்டியலில்
என் பெயருக்கு நேர் மேலே ஒக்னியான்.
வேண்டுமென்றே செய்திருப்பான், கிழட்டு நரி.

சங்கத்துக்கு விதி ஒன்றுதான்.
முன்னால் போகிறவர் பனியை உடைத்து
எழுபது எட்டு வைக்கவேண்டும்.
பிறகு ஓரமாக விலகி,
எல்லோரையும் போகவிட்டு
வரிசையின் வாலில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

விலகி நிற்பவரின் முகத்தை
மற்ற பத்துப் பேரும் பார்த்தபடி கடக்கிறோம்.
லூபெனின் மீசை உறைந்து
பேசினால் நொறுங்கிவிடும் போலிருக்கிறது.
கண்ணாடியைக் கழற்றிய ரய்னா
யாரென்று தெரியாமலே
எல்லோருக்கும் தலையாட்டுகிறாள்.

பீச் மரங்களில்
கோடையில் வந்த காதலர்கள் கீறிய எழுத்துகள்
மார்பளவில் இருந்தவை
இன்று என் தொடையருகே.
மரம் தாழவில்லை,
நாங்கள்தான் பனியின் முதுகில் நிற்கிறோம்.
அதுவும் நம்பகமான முதுகில்லை.
நான்கு எட்டுக்கு ஒருமுறை
இடுப்புவரை விழுங்கித் துப்புகிறது.

ஒக்னியானின் முறை வந்தது.
இரண்டாவது ஆளாக
அவன் போட்ட குழிகளில்தான் கால் வைக்கவேண்டும்.
நெட்டையன்.
அவன் எட்டு எனக்கு எட்டவில்லை.
குழிக்குக் குழி தாவி,
நடுவில் விழுந்து, கைத்தடி வளைந்து,
இருபதுக்குமேல் எண்ணிக்கையும் தவறி,
மூச்சோடு சேர்த்து அவனையும் திட்டினேன்.

மூன்று வருடமாகத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.
வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள்
பதினான்காம் எண் பேருந்தை
வெளியே எடுத்தவன் அவன்.
வாசலில் நின்ற எங்களைப் பார்த்து
ஹாரன்கூட அடிக்கவில்லை,
நாங்கள் விலகும்வரை காத்திருந்தான்.
அன்றிலிருந்து அவன் சம்பளச் சீட்டை
ஜன்னலுக்கு அடியில் தள்ளிவிடுவேன்.
கையில் கொடுப்பதில்லை.

மதியத்துக்குள் பதினொருவரும் ஒரு சுற்று முடித்து
மறுபடி அவன் முன்னால்.
பைன் மரங்கள் தொடங்கிவிட்டன. காற்று வேறு.
பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கினேன்.
குழி அங்கேயே இருந்தது.
அடுத்ததும் அங்கேயே.
என் அளவு.
திரும்பிப் பார்க்காமல்,
கூட்டத்தில் குனிந்து நடப்பவனைப்போல
அந்த நெட்டைக் கால்களை
மடக்கி மடக்கி வைத்துப் போனான்.

"எழுபதாகியும் இவ்வளவுதானா?"
பின்னாலிருந்து நெத்யால்கோ கத்தினான்.
ஒக்னியான் ஓரமாக விலகி நின்றான்.
புருவமெல்லாம் வெள்ளை.
நான்தான் முதலில் கடக்கவேண்டியவள்.
மூன்று வருடம் சேர்த்துவைத்த வாயில்
வந்தது இவ்வளவுதான்:
"தொப்பியை இழுத்துவிடு. காது தெரியுது."

குடிலின் பூட்டு உறைந்திருந்தது.
க்ரும் தன் ரக்கியாவைப் பூட்டின் மேல் ஊற்ற,
நெத்யால்கோ இழவு வீட்டில் நிற்பதுபோல்
தொப்பியைக் கழற்றினான்.
உள்ளே அடுப்பு மூட்டி, காலுறைகள் ஆவி பறக்க,
ஒரே கத்தியால் எல்லோரும் பாலாடைக்கட்டி அறுத்தோம்.
கத்தி அவனிடமிருந்து
எனக்கு வந்தபோது
பிடி என் பக்கம் இருந்தது.

திங்கட்கிழமை சம்பள நாள்.
ஜன்னலில் என்ன செய்வேனென்று
இன்னும் தெரியவில்லை.
தொடை வலிக்கும்.
அது மட்டும் நிச்சயம்.