இடது காலின் அளவு

வீக்கம் ஏறுமுன் அளக்க வேண்டுமாம்.
எழுந்த கையோடு வரச் சொன்னார்கள்.
ஆறே காலுக்கு
பி.என். ரோட்டு மருந்துக்கடையில்
ஷட்டர் பாதி ஏறியிருக்க
ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

கணுக்கால். கெண்டைச்சதை. முட்டிக்குக் கீழே.
பையன் டேப்பைச் சுற்றி
எண் சொல்லச் சொல்ல
எனக்குச் சிரிப்பு.
பத்தொன்பது வருஷமாக
ஊர் பேர் தெரியாதவர்களின்
மார்பையும் தோளையும் கை நீளத்தையும்
இதே டேப்பால் நான் அளக்கிறேன்.
என்னை ஒருவர் அளப்பது
கல்யாண ரவிக்கைக்கு அப்புறம் இதுதான்.

வலது முப்பத்து நாலு.
இடது முப்பத்தாறரை.
எங்கள் டேபிளாக இருந்தால்
டாலரன்ஸ் தாண்டிய பீஸ் என்று
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளியிருப்பேன்.

ஓவர்லாக்கில் சிக்கிய நூலைப் போல
நரம்பு அங்கே
நீலமாகச் சுருண்டு கிடக்கிறது.
ஷிப்மெண்ட் வாரத்தில் இன்னும் தடிக்கும்.

"கணுக்கால்ல இறுக்கம் ஜாஸ்திங்க்கா.
மேல போகப் போகக் கொறையும்.
அப்பத்தான் ரத்தம் ஏறும்."

தெரியுமுங் தம்பி.
எங்க கம்பெனியும் அப்பிடித்தானுங்.
அங்க ஏறுறது வேற.

இரண்டாயிரத்து நானூறு.
பெட்டியைத் திறந்ததும்
என் கை தானாக உள்ளே போய்
சாக்ஸை விரித்து வெளிச்சத்தில் பிடித்தது.
குதிகாலுக்கு மேலே
ஒரு கண்ணி நழுவியிருந்தது.
"ஒண்ணுமில்லையேங்க்கா."
நகத்தால் தொட்டுக் காட்டினேன்.
செல்போன் டார்ச்சடித்துக் குனிந்து பார்த்தவன்
பேசாமல் வேறு பெட்டி எடுத்தான்.
அதையும் பார்த்தேன்.
மூன்றாவதை வாங்கினேன்.

தோல் நிறம் என்று அட்டையில் போட்டிருந்தது.
யாருடைய தோலோ.
எந்த லாட்டிலும் இந்த ஷேடு பாஸாகாது.

கட்டிலை விட்டு இறங்குமுன் மாட்ட வேண்டும்.
முதல் நாள் பவுடர் கொட்டியும்
குதிகாலில் நின்றுகொண்டது.
பஸ்ஸை விட்டேன்.
அரை நாள் சம்பளத்தையும்.

பாலிபேக்கைப் பாதத்தில் மாட்டு,
அதுக்கு மேல இழு,
அப்புறம் விரல் ஓட்டை வழியா உருவிக்கோ
என்று சொல்லித்தந்தவள்
பேக்கிங் செக்‌ஷன் துளசிமணி.
உனக்கெப்படித் தெரியும் என்றேன்.
சேலையை நாலு விரற்கடை தூக்கினாள்.
யாருடைய தோலோ அவள் காலிலும்.

ஐயர்னிங் ராசாத்திக்கு ரெண்டு காலுமாம்.
எட்டு மாசமாக
பக்கத்துப் பக்கத்தில் நின்றிருக்கிறோம்.

நாலு மணி டீக்கு
கோடவுன் மூலையில்
சாய்ந்து உட்கார்ந்து மூவரும்
கால்களைத் தூக்கி
ஒட்டி முடித்த பெட்டிகளின் மேல் வைத்தோம்.
நாளை தூத்துக்குடிக்குப் போகிற பெட்டிகள்.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.
டாக்டர் சொன்னதுங் என்றாள் துளசிமணி,
டம்ளரை இறக்காமல்.

எங்கள் குதிகாலுக்குக் கீழே
அட்டையில் கறுப்பாக இரண்டு அம்புக்குறி:
இந்தப் பக்கம் மேலே.