ஐஸுக்குத் தீச்சான்று

எபொங்கேயின் கோப்பு என்னிடம் வந்தபோது
ஆறு கை பட்டுப் பருத்திருந்தது.
அவள் மெலிந்திருந்தாள்.
யூப்வே மீன்துறையில் ஐஸ் ஆலை;
எந்திரம் டூவாலா துறைமுகத்தில்
நாள்வாடகைக்குத் துருப்பிடிக்கிறது என்றாள்.

தீயணைப்புச் சான்று எங்கே, கேட்டேன்.
"ஐஸுக்கா?"
சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்குத்தான்
இரண்டு மாதம் தள்ளி வைத்தேன்.
பீர் காசு என்று தந்ததை எண்ணவில்லை;
போதாதென்று விரலுக்கே தெரிந்தது.

இன்று சனிக்கிழமை. மழை.
துறையில் ஒரு சீலா மீன்.
செவுளைத் தூக்கிப் பார்க்கிறேன்:
சாம்பல்.
"ஐஸ் போட்டு வைக்கக் கூடாதா?"
மீன்காரி ஈயை விரட்டிக்கொண்டே சொன்னாள்:
"யாரோ ஒருத்தி ஆலை போடுவதாக இருந்தது.
காபோனுக்குப் போய்விட்டாளாம்."

பாதி விலைக்குக் கேட்டேன்.
கொடுத்துவிட்டாள்.