ஒன்பதாவது நிறுத்தம்

கோதன்பர்க்கில் நவம்பர் என்றால்
மூன்றரைக்கே விளக்குப் போட வேண்டும்.
பதினான்காம் எண் டிராம் ஓட்டுகிறேன்.
ஒரு முனையில் குடிமீட்பு அலுவலகம்,
மறுமுனையில் மனநலப் பிரிவு,
நடுவே நாற்பத்தொரு நிமிடம்.

சிக்ஸ்டன் என் முதுகுக்குப் பின்னால்தான் உட்காருவார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
ரேடியோவை அணைத்த பிறகும்
மேலே, அந்தக் கண்ணாடிக் கூண்டில்
ஒருவன் சரக்குப் பட்டியல் வாசித்தானாம்.
பெட்டி எண், எடை,
கடைசியில் இவர் பெயர்.
இறக்கு என்பானாம். இன்னும் இறக்கு.

நாலு மடக்கு ஓட்கா போனால்
அவன் பக்கத்து அறைக்குப் போய்விடுவான்.
கதவை மட்டும் சாத்த மாட்டான்.

குரலைச் சரிசெய்துகொண்டு வா,
குடியை அப்புறம் பார்ப்போம் என்றார்கள் இங்கே.
மூன்று மாதம் குடிக்காமல் இருந்து காட்டு,
குரலை அப்புறம் பார்ப்போம் என்றார்கள் அங்கே.
பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்,
கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.
இரண்டு இடத்திலும் நல்லவர்கள்தான்,
காபி கொடுப்பார்கள்.
ஒரு தாளும் கொடுப்பார்கள்,
அதில் மறுமுனையின் முகவரி.

இரண்டு குளிர்காலம்
ஏற்றினேன், இறக்கினேன்.
டிக்கெட் கேட்டதில்லை.
அதைத் தவிர நானும் ஒன்றும் செய்யவில்லை.

பிப்ரவரியில், ஒன்பதாவது நிறுத்தத்தில்,
மூடிப்போன தையல் இயந்திரக் கடையில்
ஒரே வாசல் வைத்து ஒன்றைத் திறந்தார்கள்.
எதை முதலில் சொல்வது என்று
சிக்ஸ்டன் நின்றுகொண்டே கேட்டாராம்.
"ரெண்டையும் ஒரே வாயால்தானே சொல்லப்போகிறீர்கள்,
உட்காருங்கள்" என்றாளாம்
யோர்டிஸ் என்ற நர்ஸ்.
இதைச் சொன்ன அன்றுதான்
அவர் சிரித்துப் பார்த்தேன்.
முன்பல் ஒன்று இல்லை.

குணமாகிவிட்டார் என்று எழுத ஆசைதான்.

ஈஸ்டருக்கு முந்தின வியாழன்
படியிலேயே தடுக்கி விழுந்தார்.
நெடி என் தடுப்புக் கண்ணாடியைத் தாண்டி வந்தது.
இன்று முனைவரை போவார் என்று நினைத்தேன்,
எந்த முனை என்றுதான் தெரியவில்லை.
ஒன்பதாவதில் மணி அடித்தார்.
இறங்கிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

அட்டவணை எனக்குத் தருவது இருபது விநாடி.
ஒன்றரை நிமிடம் நிறுத்தினேன்.
யாரோ பின்னால் நாக்கைச் சப்புக்கொட்டினார்கள்.

வாசல் திறந்தது.
யோர்டிஸ் கோட்டுகூடப் போடாமல் வந்தாள்.
அந்த நெடி அவளுக்கும் எட்டியிருக்கும்.
போய்விட்டு நாளை வா என்று சொல்லவில்லை.
குனிந்து அவர் காலைப் பார்த்தாள்,
பிறகு நிமிர்ந்து என்னை.

ஒரு ஷூ என் படியில் கிடந்தது.
இடது கால், நாற்பத்துநாலாம் அளவு.
கதவு மூடிய பிறகுதான் கவனித்தேன்.
இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன்,
திரும்புகிற சுற்றில் கொடுக்க வேண்டும்.