எட்டாவது முறை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து
அரிசி அளவு மருந்தை உள்ளே வைக்கிறாள் செவிலி.
அன்றிலிருந்து என் ஆண் சுரப்பு கடையடைப்பு.
புற்றைப் பட்டினி போடத்தான்.
தொடையும் தோளும் கூடவே பட்டினி கிடக்கும் என்பது
எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

முப்பத்தொரு வருடம் மரக்கட்டை லாரி ஓட்டியவன்.
சங்கிலியை ஒரே இழுப்பில் இறுக்கிய கை,
போன இலையுதிர் காலத்தில்
வெள்ளரி ஊறுகாய்ப் போத்தலை ஹெல்லெவியிடம் நீட்டியது.
திறந்தாள். மேசையில் வைத்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
அந்த ஒன்றும் சொல்லாததுதான் கனத்தது.

ஓவுலுவில் ஜனவரி.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
மூடிப்போன காகித ஆலையின் நிலவறையில்
செவ்வாயும் வெள்ளியும் ஆறு பேர்,
ஆறு தண்ணீர்ப் புட்டிகள்,
என் மகளைவிட இளைய பயிற்சியாளர் மர்யுத்.
"எட்டு முறை" என்பாள்.
ஏழு வரை நான் தூக்குவேன்.
எட்டாவதை யார் தூக்குகிறார் என்று
இன்னும் எனக்குத் தெரியாது.

நான்காவதிலேயே சில நாள் அனல் வந்துவிடும்.
நெஞ்சில் மூண்டு காதுமடல் வரை.
கம்பியைப் போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடுவேன்;
தைஸ்தோ ஏற்கெனவே அங்கே நிற்பார், சட்டையை அவிழ்த்து.
பனிக்குள் தலையை நீட்டினால்
வழுக்கையிலிருந்து ஆவி எழும்.
அடுப்பை அணைக்க மறந்த இரண்டு கிழட்டுக் கெண்டிகள்.
அவர் மார்பு சற்றே பூரித்திருக்கிறது.
என்னுடையதும்தான்.
ஆளுக்கு ஆள் பனியையே பார்த்தோம்.

கால் இயந்திரத்தில் ஒருநாள்
நாற்பது கிலோவைத் தள்ளி முடித்த ஊர்போ
அழுதுகொண்டே இருந்தார்.
அதுவும் ஊசியின் வேலைதான் என்றாள் மர்யுத்.
இல்லை, முழங்கால் வலி என்றார் ஊர்போ.
முழங்கால் என்றே வைத்துக்கொண்டோம்.
யாரோ துண்டை எறிந்தார்கள்.

முப்பது வினாடி. நாற்காலி. கையூன்றாமல் எழ வேண்டும்.
அக்டோபரில் ஒன்பது.
இன்று பதினாலு.
மருத்துவமனைக் கணினியிலும் ஓர் எண் இருக்கிறது,
அது ஏறினாலும் இறங்கினாலும் எனக்கு அதில் பங்கில்லை.
இந்தப் பதினாலு நான் சம்பாதித்தது.
பேருந்தில் வரும்போது இரண்டு முறை
உரக்கச் சொல்லிப் பார்த்தேன்.
பக்கத்துப் பெண் இடம் மாறி உட்கார்ந்தாள்.

ஹெல்லெவிக்கு ஐம்பது வயதில்
இதே அனல் வந்தது.
நள்ளிரவில் ஜன்னலைத் திறப்பாள்.
"வீட்டைச் சூடாக்கக் காசு நீயா கொடுக்கிறாய், மூடு" என்று
போர்வைக்குள்ளிருந்து கத்தியிருக்கிறேன்.
மூடுவாள்.

நேற்று இரவு மூன்று மணிக்கு
உப்பு நீரில் நனைந்து எழுந்து சொன்னேன்:
மன்னித்துவிடு.
எதற்கு என்றாள்.
ஜன்னலுக்கு என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
பதினேழு வருடம் பின்னால் போய்வர
அவ்வளவு நேரம் ஆகும்தானே.

பிறகு அவளே எழுந்து
உறைந்த கொக்கியைத் தட்டித் திறந்தாள்,
திரும்பி வந்து
கம்பளிக் குல்லாயை
மூக்குவரை இழுத்துக்கொண்டு படுத்தாள்.